மே பதினெட்டில் நின்ற பண்ணை

மருதமுனை
2024.06.05, புதன்கிழமை

திரு. க. செல்லத்தம்பி அவர்களுக்கு,

நாம் இருவரும் கடைசியாகக் கதைத்தது 2022.09.18ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை, காரைதீவில் தங்களுடைய தொலைபேசி நிலைய நினைவுகள் பற்றிய நூல் வெளியீடு முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்த வேளையிலாகும். "இனி என்ர வாசற்படி மிதியாத" என்றீர்கள். பின்னர் தாங்களே அந்த வாசலை விட்டுத் திருகோணமலைக்கு, மகள் கிருசிகாவின் வீட்டுக்குக் குடிபோனதாக அறிந்தேன். ஆகவே இக்கடிதம் அந்த வாசற்படியை மிதிக்கவில்லை என்பதை முதலில் பதிவு செய்கிறேன்.

முகவரி தந்தவர், நம் இருவருடைய கந்தோர்களுக்கும் தேநீர் கொண்டுவந்து தந்த முகம்மது தம்பி. தாங்கள் மருமகனின் கடையில் அமர்ந்து கையடக்க விளையாட்டுக் கருவிகளைத் திருத்துவதாகவும், அந்த வேலைக்குத் திருகோணமலையில் தங்களை விட்டால் ஆளில்லை என்றும் அவர் சொன்னார். முப்பத்தொரு வருடம் தொலைபேசி நிலையத்தில் கம்பி முடுக்கிய கைக்கு அது பொருந்தும்.

விடயத்துக்கு வருகிறேன். 2023.11.09 வியாழக்கிழமை காலை என் துணைவி சபூறாவுக்குப் பாரிசவாதம் ஏற்பட்டது. பேச்சு பெரும்பாலும் மீண்டது. வலது கை மீளவில்லை. விரல்களுக்குப் பயிற்சி வேண்டும் என்று பிசியோ வைத்தியர் இறப்பர்ப் பந்து ஒன்றைத் தந்தார். "பந்து நசுக்க நான் என்ன தொட்டில் பிள்ளையா?" என்று சபூறா அதைக் கட்டிலுக்குக் கீழே உருட்டிவிட்டாள். டோஹாவிலிருந்து விடுமுறையில் வந்த மகள் றிஸ்லா, தன்னுடைய பழைய விளையாட்டுக் கருவியைத் தாயின் மடியில் வைத்துவிட்டுப் போனாள். புத்தகம்போல் மடிக்கத்தக்க, இரு திரைகளைக் கொண்ட கருவி. அதில் ஒரு பண்ணை உண்டு. பூசணி நடலாம், தண்ணீர் ஊற்றலாம், மாடு வளர்க்கலாம். சபூறா 2024.01.07 முதல் 2024.05.18 வரை, நோன்பு மாதத்திலும் தவறாமல், நூற்று முப்பத்து மூன்று நாட்கள் தன் வலது பெருவிரலால் அதை விளையாடினாள். விரல் அசையத் தொடங்கியது.

இடையூறு மொழிதான். அதிலுள்ள வசனங்கள் ஆங்கிலம். அவற்றை நான் பக்கத்தில் இருந்து மொழிபெயர்த்துச் சொல்லிவந்தேன். எனக்குச் செவிப்புலன் குறைந்துவிட்டமையால் என் குரல் உயர்ந்துவிட்டதாம். "நீங்க கத்துறது பள்ளிவாசல் வரைக்கும் கேக்குது. நான் மாட்டுக்குத் தண்ணி வெக்கிறது ஊருக்கெல்லாம் தெரியணுமா? எனக்கு நானே வாசிக்கணும்" என்றாள். நியாயமான கோரிக்கை. நான் இருபத்தெட்டு வருடம் அரசாங்க மொழிபெயர்ப்பாளன். அந்த விளையாட்டின் 1,846 வசனங்களையும் 2024.02.11 தொடங்கி 2024.05.14 வரை தமிழாக்கினேன். கல்முனையில் தொலைபேசி திருத்தும் றிபாஸ் என்பவர், கருவியின் பூட்டைத் திறந்து, வெளியிலிருந்து வைக்கும் எழுத்துக் கோப்புகளையும் அது வாசிக்கும்படி மாற்றித் தந்தார். அதன்பின் அவர் கட்டாருக்குத் தொழிலுக்குப் போய்விட்டார்.

2024.05.19 அன்று புதிய, பெரிய மெமரி சிப் ஒன்றை வாங்கி, பழைய சிப்பில் இருந்த யாவற்றையும் தமிழ்க் கோப்புகளையும் அதில் பதிந்தேன். பழைய சிப்பை வெறுமையாக்கினேன். ஒரே ஆவணத்துக்கு இரு பிரதிகள் இருந்தால் எது மூலம் என்ற வழக்கு எழும். புதியதைக் கருவியில் இட்டதும், சிப்பை வாசிக்க முடியவில்லை என்று திரையில் வந்தது. அன்றிலிருந்து இன்றுவரை அதே வாசகம்.

சபூறாவின் கை மடியில் கிடக்கிறது. 2024.07.24 அன்று வைத்தியர் மறுபடி பார்ப்பார். அதற்குள் பெருவிரல் பலம் பெறாவிட்டால் மூட்டு இறுகிவிடும் என்று முன்னரே சொல்லியிருக்கிறார்.

இது உதவி கோரும் கடிதம். தங்களுடைய நூல் பற்றி நான் சொன்ன பதினொரு திகதிப் பிழைகளில் எதையும் இக்கடிதம் மீளப்பெறவில்லை. வாட்ஸ்அப்பில் எழுதும்படி றிஸ்லா சொல்கிறாள். எழுதியவரே பின்னர் அழித்துவிடத்தக்க ஒன்றை நான் கடிதம் என்று ஏற்பதில்லை. தபாலில் பதில் தருக.

இங்ஙனம்,
ஆ. லெ. அபூசாலி


சிவமயம்

திருகோணமலை
யூன் 11 அல்லது 12

பெருமதிப்புக்குரிய திகதிப் பரிசோதகர் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. வாசித்தேன். மடித்து வைத்தேன். "அந்த மனிசனுக்கு எழுதாதீங்கப்பா" என்று கிருசிகா சொன்னாள். அவளுடைய மாமன் மாமி முன்வரிசையில் இருக்க, வாழ்த்துரை சொல்லக் கூப்பிட்ட ஆள் ஒலிவாங்கியைப் பிடித்து இருபத்தைந்து நிமிடம் அவளுடைய அப்பாவைப் பிழை திருத்தியதை அவள் மறக்கவில்லை. நானும் மறக்கவில்லை. அந்தப் புத்தகத்தில் இருநூறு பிரதி இன்னும் என் கட்டிலுக்குக் கீழே பெட்டியில் கிடக்கிறது. தெரிந்துகொள்ளும்.

ஆனால் ஒவ்வொரு பெருநாளைக்கும் வட்டிலப்பத்தைப் பாத்திரத்தோடு என் வீட்டுக்கு அனுப்பியவர் நீர் இல்லை, சபூறா தங்கச்சி. இந்தப் பதில் அவவுக்கு.

உம்முடைய கருவி பழைய காலத்துச் சாமான். அது ஃபாட்-32 என்ற ஒழுங்கில் அமைந்த சிப்பை மட்டும்தான் வாசிக்கும். நீர் பெருமையாக வாங்கிய பெரிய சிப் கடையிலிருந்து வேறு ஒழுங்கில் வரும். கணினிக்கு இரண்டும் ஒன்று. கருவிக்கு அது தெரியாத பாஷை. சிப்பிலும் பிழையில்லை, கருவியிலும் பிழையில்லை.

செய்ய வேண்டியது: சிப்பில் உள்ளதை முழுவதும் கணினியில் பிரதி எடும். சபூறாவின் பண்ணையும் அதற்குள்ளேதான் இருக்கிறது. பிரதி எடுக்காமல் கை வைத்தீரோ, மாடும் இல்லை பூசணியும் இல்லை. பிறகு சிப்பை ஃபாட்-32 ஆக மாற்றும். கணினி தானாக அந்தத் தெரிவைத் தராது. அதற்கென்று சிறிய மென்பொருள் இருக்கிறது, பெயரைத் தனித்தாளில் எழுதியிருக்கிறேன். பிறகு எல்லாவற்றையும் எடுத்த மாதிரியே திரும்ப வையும்.

பழைய சிப்பை அழித்தீராமே. இரண்டு பிரதி இருந்தால் வழக்கு வருமாம்! உம்மை எப்படித்தான் அந்தக் கந்தோரில் வைத்திருந்தார்களோ.

க. செல்லத்தம்பி


மருதமுனை
2024.06.20, வியாழக்கிழமை

திரு. செல்லத்தம்பி அவர்களுக்கு,

"யூன் 11 அல்லது 12" எனத் திகதியிடப்பட்ட தங்கள் கடிதம் 2024.06.14 அன்று கிடைத்தது. உறையின் மீதுள்ள தபால் முத்திரையின்படி அது 12. என் குறிப்பேட்டில் அவ்வாறே பதிந்துள்ளேன்.

தாங்கள் கூறியபடி 2024.06.16 ஞாயிற்றுக்கிழமை காலை சிப்பில் இருந்த நாற்பத்தேழு கோப்புகளையும் கணினியில் பிரதி எடுத்தேன். சிப்பைத் தாங்கள் சொன்ன ஒழுங்குக்கு மாற்றினேன். கோப்புகளைப் பதிவேட்டில் ஏற்றி, ஒழுங்குபடுத்தி, மீளவும் சிப்பில் வைத்தேன். பி.ப. 2.10க்குக் கருவியை இயக்கினேன். வாசிக்க முடியவில்லை என்ற வாசகம் மறைந்துவிட்டது. தங்களுடைய நோயறிதல் சரியானது. இதை எழுத்தில் ஒப்புக்கொள்வதில் எனக்குத் தயக்கமில்லை.

ஆனால் அதன் இடத்தில் வேறொன்று வந்திருக்கிறது. கறுத்த திரையில் வெள்ளை எழுத்தில், தொடக்கக் கோப்பைக் காணவில்லை என்கிறது. சிப்பைக் கணினியில் இட்டுப் பார்த்தால் கோப்பு அங்கே இருக்கிறது. என் கண்ணுக்கு முன்னால் இருப்பதைக் காணவில்லை என்று ஒரு இயந்திரம் எனக்குச் சொல்கிறது. பதினேழு தடவை அணைத்து இயக்கிவிட்டேன்.

மறுநாள் ஹஜ்ஜுப் பெருநாள். தொழுகை முடிந்து வந்தபோது சபூறா புதுச் சேலையோடு கதிரையில் அமர்ந்திருந்தாள். இடது கையால் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"றிஸ்லாட வாப்பா, உண்மையைச் சொல்லுங்க. என்ர மாடு செத்திருக்குமா?"

"அது மாடல்ல. தரவு" என்றேன்.

"ஒரு மாசமாத் தண்ணி வெக்கல்ல. தரவு எண்டாலும் செத்திருக்கும்."

பெருநாள் உணவை அவள் இடது கையால் கரண்டி பிடித்து உண்டாள். வலது கையைச் சேலைத் தலைப்பால் மூடியிருந்தாள். முன்னர் அவள் அதை மூடுவதில்லை.

நான் இதைக் கைவிடப்போவதில்லை. எனக்கு எழுபத்து மூன்று வயது. இதைவிடப் பிடிவாதமான கோப்புகளை மேலதிகாரிகளின் மேசையிலிருந்து எடுத்துவந்திருக்கிறேன். அடுத்த படி யாதென அறியத் தருக.

இங்ஙனம்,
ஆ. லெ. அபூசாலி


திருகோணமலை
யூன், கடைசி வாரம்

அபூசாலிக்கு,

முதலில் ஒன்று. இனிக் கருவியை அணைத்து அணைத்துப் போடாதேயும். பதினேழு தரம் கேட்டால் பதினெட்டாம் தரம் பதிலை மாற்ற அது மனிசன் இல்லை.

தொடக்கக் கோப்பைக் காணவில்லை என்றால் கோப்பு இல்லை என்று கருத்தில்லை. தான் தேடும் இடத்தில், தான் தேடும் பெயரில் இல்லை என்று கருத்து. இங்கே என் கடைக்கு வருகிற பத்துப் பேரில் எட்டுப் பேர் செய்யும் பிழை, கோப்புறைக்குள் அதே பெயரில் இன்னொரு கோப்புறை வைத்திருப்பதுதான். சுருக்கிக் கட்டின பொதியைக் கணினியில் அவிழ்க்கும்போது அப்படி ஒன்று தானாக முளைக்கும். பெட்டிக்குள் பெட்டி. கருவி முதல் பெட்டியைத் திறக்கும், இன்னொரு பெட்டியைக் காணும், காணவில்லை என்று மூடிவிடும். அதைப் பாரும்.

அப்படியில்லை என்றால் ஒன்றையும் தொடாதேயும். நகர்த்தாதேயும், அழிக்காதேயும், ஒழுங்குபடுத்தாதேயும். முக்கியமாக ஒழுங்குபடுத்தாதேயும். சிப்பில் இருக்கிற கோப்புகளின் பெயர்களைப் பார்த்து, ஒரு எழுத்தும் கூட்டாமல் குறைக்காமல் தாளில் எழுதி எனக்கு அனுப்பும். அது உமக்குக் கைவந்த வேலை.

மாடு சாகாது என்று சபூறாவுக்குச் சொல்லும். எனக்கு அந்த விளையாட்டுத் தெரியும். பண்ணையைத் திறக்கும்வரை நாள் போனது அதற்குத் தெரியாது. ஆனால் திரும்ப ஓடும் நாளில் ஒரு அலுவல் இருக்கிறது, அதை நேரம் வர எழுதுகிறேன்.

அவ கையை மூடிவைக்கிறா என்று எழுதியிருந்தீர். அந்த வரியை நான் கிருசிகாவுக்கு வாசித்துக் காட்டினேன். எழுந்து அடுப்படிக்குப் போனாள். பிறகு வந்து, "அந்தப் பிழை என்னெண்டு கெதியாப் பாருங்கப்பா" என்றாள்.

பதினொரு பிழையையும் மீளப்பெறவில்லை என்று எழுதியிருந்தீர். நான் கேட்டேனா?

க. செ.


மருதமுனை
2024.07.01, திங்கட்கிழமை

அன்புள்ள செல்லத்தம்பி அவர்களுக்கு,

பெட்டிக்குள் பெட்டி இல்லை. மூன்று தடவை பரிசோதித்தேன்.

பெயர்ப்பட்டியல் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது. மொத்தம் நாற்பத்தேழு. முதல் ஐந்தையும் இங்கேயே தருகிறேன். அவை ஆங்கில எழுத்தில் உள்ளவை, தமிழில் ஒலிபெயர்த்துள்ளேன்.

2024-06-16-001-பூட்
2024-06-16-002-லோடர்
2024-06-16-003-சேவ்
2024-06-16-004-ஃபொன்ட்
2024-06-16-005-டெக்ஸ்ட்

மற்றையவை இதே ஒழுங்கில் 047 வரை செல்கின்றன. எல்லாம் பதிவேட்டுடன் ஒத்துப்போகின்றன. குறை எதையும் என்னால் காண முடியவில்லை.

இனி எழுதுவது வேறு விடயம். தாங்கள் கேட்கவில்லை என்பது உண்மை. ஆயினும் எழுதியாக வேண்டும்.

கருவிக்கான கைநூலைத் தேடி 2024.06.28 அன்று அலுமாரியின் கீழ்த்தட்டைக் கிளறியபோது, தொலைபேசி நிலையத்தில் புதிய இணைப்புப் பலகை பூட்டிய நாளில் எடுத்த நிழற்படம் அகப்பட்டது. தாங்கள் திருகாணி முடுக்கியுடன் நடுவில் நிற்கிறீர்கள். நான் ஓரத்தில் தேநீர்க் குவளையுடன் நிற்கிறேன். பின்புறத்தில் 1994.02.03 என்று என் சொந்தக் கையெழுத்தில் இருக்கிறது. தங்களுடைய நூலின் நாற்பத்தோராம் பக்கத்தில் உள்ள திகதியும் அதுவே. அதைத்தான் நான் மேடையில் பிழை என்று சொன்னேன். 13 என்று வாதிட்டேன். "நான் பூட்டினவன், எனக்குத் தெரியாதா?" என்று தாங்கள் கீழேயிருந்து கேட்டீர்கள். நினைவு ஆவணமாகாது என்று பதில் சொன்னேன். சபை சிரித்தது.

ஆகவே தங்கள் நூலிலுள்ள திகதிப் பிழைகள் பதினொன்று அல்ல, பத்து. இத்தால் திருத்திக்கொள்கிறேன்.

படம் எனக்கு வேண்டாம். இத்துடன் அனுப்புகிறேன்.

சபூறா நேற்றுக் கருவியைக் கேட்கவில்லை. அதற்கு முன்தினமும் கேட்கவில்லை. அவள் கேட்டு நச்சரித்த நாட்களே நல்ல நாட்கள். இன்னும் இருபத்து மூன்று நாட்கள் உள்ளன.

அன்புடன்,
அபூசாலி


திருகோணமலை
யூலை 5, 6 இருக்கும்

சாலி,

பட்டியலைக் கடையில் வைத்துப் பிரித்தேன். முதல் வரியை வாசித்துவிட்டுச் சிரிக்கத் தொடங்கியவன், மருமகன் வந்து முதுகில் தட்டித் தண்ணீர் தரும்வரை நிறுத்தவில்லை. இந்தத் தொழிலில் எத்தனையோ பிழை பார்த்திருக்கிறேன். தேத்தண்ணியில் விழுந்த சிப், கோழி கொத்தின சிப், எல்லாம் பார்த்தாயிற்று. இப்படி ஒன்று பார்க்கவில்லை.

ஐயா, அந்தக் கோப்புகளின் பெயருக்கு முன்னால் யார் திகதி போடச் சொன்னது? எடுத்த மாதிரியே வையும் என்று எழுதினேன். நீர் பதிவேட்டில் ஏற்றி, தொடர் இலக்கம் போட்டு, முன்னால் திகதியும் எழுதி வைத்திருக்கிறீர்!

உமக்குத் திகதியில்லாத கடதாசி கடதாசியே இல்லை, தெரியும். ஒருமுறை என் லீவுக் கடிதத்தைத் திகதி இல்லை என்று திருப்பி அனுப்பினீர், அது உம்முடைய கந்தோர்கூட இல்லை. ஆனால் இந்தக் கருவிக்கு ஒரே ஒரு பெயர்தான் தெரியும். "பூட்" என்று கூப்பிட்டுக்கொண்டு வாசலில் நிற்கிறது. உள்ளே ஒருவன், இரண்டாயிரத்து இருபத்து நான்கு, ஆறாம் மாதம், பதினாறாம் திகதி, முதலாம் இலக்கப் பூட் என்று பெயர் வைத்துக்கொண்டு பேசாமல் இருக்கிறான். எப்படிச் சந்திப்பார்கள்?

நாற்பத்தேழு பெயரிலிருந்தும் திகதியை எடும். இலக்கத்தை எடும். நடுவில் போட்ட கோடுகளையும் எடும். றிபாஸ் வைத்த பெயர் மட்டும் மிஞ்ச வேண்டும். சின்ன எழுத்து சின்ன எழுத்தாகவே இருக்கட்டும். இந்தத் தரம் கணினியில் உள்ள பிரதியை அழிக்காதேயும். வழக்கு வந்தால் நான் சாட்சி சொல்கிறேன்.

இனி, நேரம் வர எழுதுகிறேன் என்ற அலுவல். இது உமக்குக் கஷ்டமாக இருக்கும். உட்கார்ந்து வாசியும்.

அந்த விளையாட்டு கருவியின் கடிகாரத்தைப் பார்த்துத்தான் நாளைக் கணக்கெடுக்கும். பண்ணையைத் திறக்கும்போது கடிகாரம் யூலை என்று காட்டினால், மே 18க்குப் பிறகு ஐம்பது நாளாக யாரும் வரவில்லை என்று அது முடிவு கட்டும். பூசணி அழுகும், புல் முழங்கால் உயரம் வளரும், மாடு வேலி பாய்ந்து போய்விடும். போனது திரும்பாது. சபூறாவின் நாலரை மாதமும் போய்விடும். ஆகவே கருவி ஓடத் தொடங்கியதும் பண்ணையைத் திறக்காதேயும். முதலில் கடிகாரத்துக்குப் போய், உம்முடைய சொந்தக் கையால், திகதியை 2024 மே 19 என்று மாற்றும். பிறகு பண்ணையைத் திறவும். பிறகும் சரிப்படுத்தாதேயும். அந்தக் கருவி இருக்கும்வரை அது ஐம்பது நாள் பிந்தியே ஓடட்டும்.

தெரிந்துகொண்டே பிழையான திகதியை எழுத உம்மால் முடியுமா சாலி? முடியாவிட்டால் சொல்லும், நான் பஸ் ஏறி வந்து எழுதிவிட்டுப் போகிறேன்.

படம் கிடைத்தது. எவ்வளவு மயிர் இருந்திருக்கிறது எனக்கு. கிருசிகா அதைச் சுவரில் மாட்டியிருக்கிறாள். நீர் நிற்கிற ஓரத்தை வெட்டாமல்தான்.

பத்து என்று எழுதினீர். சரி. அந்தப் பத்தில் நாலு எனக்கே முந்தித் தெரியும்.

செல்லத்தம்பி


மருதமுனை

மச்சான் செல்லத்தம்பிக்கு,

ஓடுகிறது.

உம்முடைய கடிதம் கையில் கிடைத்தவுடன் எழுத உட்கார்ந்தேன், பிறகு எழுதுவதை விட்டுக் கணினிக்குப் போனேன். நாற்பத்தேழு பெயர்களிலிருந்தும் திகதிகளை நீக்கினேன். ஒவ்வொன்றாக நீக்கினேன். ஒவ்வொன்றும், அத்தாட்சிப்படுத்திய ஆவணத்தில் ஒப்பத்தைச் சுரண்டி எடுப்பதுபோல் இருந்தது. நீக்கினேன். சிப்பை இட்டேன். கறுத்த திரை வந்தது; வெள்ளை எழுத்து வரவில்லை. வர்ணத் திரை வந்தது.

பிறகு கடிகாரம். ஆண்டு, மாதம், நாள் என்று மூன்று பெட்டிகள். மாதப் பெட்டியில் 7ஐ 5 ஆக்க வேண்டும். என் விரல் அந்தப் பொத்தானின் மேல் எவ்வளவு நேரம் இருந்தது என்று தெரியாது. அரச சேவையில் ஒரு திகதியை முன்போட்டோ பின்போட்டோ நான் எழுதியதில்லை. அதற்காக இரண்டு மேலதிகாரிகளோடு பகைத்திருக்கிறேன். உம்மோடும் பகைத்தேன். சபூறா கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன யோசிக்கிறீங்க?"

"பிழையான திகதி போட வேண்டும்."

"போட்டா மாடு இரிக்குமா?"

"இருக்குமாம். செல்லத்தம்பி எழுதியிருக்கிறான்."

"அவர் சொன்னா இரிக்கும். போடுங்க."

போட்டேன். மே 19. எனது வீட்டில், எனது கையால்.

பண்ணை திறந்தது. மாடு வேலியோரம் நின்றது. திரையின் அடியில், தமிழில், நான் எழுதிய வசனம் வந்தது: "தாங்கள் வளர்க்கும் பசுவானது தாகமுற்றிருக்கிறது." சபூறா அதைச் சத்தமாக, எழுத்து எழுத்தாக வாசித்தாள். வாசித்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"இதென்ன கச்சேரிக் கந்தோர்க் கடிதமா? மாட்டுக்குத் தண்ணி விடாய்க்குது எண்டு எழுதத் தெரியாதா உங்களுக்கு?"

"அரச தமிழில்..."

"மாடு என்ன அரசாங்கமா?"

சொல்லிக்கொண்டே வலது கையைச் சேலைத் தலைப்புக்குள்ளிருந்து எடுத்தாள். அவள் அறிந்து எடுக்கவில்லை, மச்சான். கோபத்தில் எடுத்தாள். பெருவிரலைப் பொத்தானில் வைத்தாள். அழுந்தவில்லை. ஐம்பது நாள் சும்மா கிடந்த விரல். மறுபடி வைத்தாள், முழங்கையைக் கதிரைக் கையில் ஊன்றினாள், பல்லைக் கடித்தாள். நான் பிடித்துவிடப் போனேன், "தொடாதீங்க" என்றாள். ஆறாவது தடவையில் அழுந்தியது. வாளியிலிருந்து தண்ணீர் ஊற்றியது. மாட்டின் தலைக்கு மேலே ஒரு சிறிய இதயம் வந்து மறைந்தது.

பிறகு பூசணிக்கு ஊற்றினாள். பிறகு மறுபடி மாட்டுக்கு. நான் எண்ணிக்கொண்டிருந்தேன், முப்பதுக்குப் பிறகு எண்ணிக்கை தவறிவிட்டது.

இதை எழுதும்போதும் பக்கத்தில் இருந்து விளையாடுகிறாள். ஒவ்வொரு வசனத்துக்கும் திருத்தம் சொல்கிறாள். இப்போதே பதினான்கு. "நீங்க மத்தவங்கட புத்தகத்தைத் திருத்தினீங்க, இப்ப உங்கட புத்தகத்தைத் திருத்துறன், எழுதுங்க" என்கிறாள். எழுதிக்கொண்டிருக்கிறேன். 1,846 வசனங்களையும் அவள் பேச்சில் மாற்றி எழுதும்படி உத்தரவு. மாற்றுவேன்.

அன்றைக்கு மேடையில் நான் சொன்னவற்றில் பத்துச் சரி, ஒன்று பிழை என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். கணக்கு அதுவல்ல. நீர் என்னைக் கூப்பிட்டது வாழ்த்துவதற்கு. வாழ்த்தாமல் இறங்கியதுதான் பிழை. கட்டிலுக்குக் கீழே இருக்கும் புத்தகத்தில் ஐம்பது பிரதி எனக்கு வேண்டும். பிழைதிருத்தப் பட்டியல் இணைக்க மாட்டேன்.

சபூறா கூப்பிடுகிறாள். புல் வெட்ட வேண்டுமாம், எந்தப் பொத்தான் என்று கேட்கிறாள். போய் வருகிறேன்.

சாலி


திருகோணமலை
2024.07.19, வெள்ளிக்கிழமை
மு.ப. 9.15

மச்சான் சாலிக்கு,

உம்முடைய கடிதம் கிடைத்தது. முதல் வரியை வாசித்துவிட்டுக் கடைக்குள்ளே கத்திவிட்டேன். பிறகு முழுவதையும் வாசித்தேன். பிறகு மேலே பார்த்தேன், கீழே பார்த்தேன், தாளைத் திருப்பிப் பார்த்தேன். திகதி இல்லை.

பயந்துபோனேன். கிருசிகாவிடம் காட்டினேன். அவளும் உறையைத் திருப்பிப் பார்த்தாள். முத்திரை மங்கல்; 11 என்றும் வாசிக்கலாம், 14 என்றும் வாசிக்கலாம். "அப்பா, அவர் திகதி போட மறந்திட்டார்" என்று மெதுவாகச் சொன்னாள்.

உம்முடைய குறிப்பேட்டுக்குத் தேவைப்படும் என்று பென்சிலால் ஓரத்தில் எழுதி வைத்திருக்கிறேன்: சபூறாவின் பெருவிரல் ஆறாம் தரம் அழுந்திய நாள். அந்தக் கருவியின் கணக்கில் மே 19. நான் இந்த இரண்டு திகதியையும் ஏற்றுக்கொள்கிறேன்.

வருகிற 23ஆம் திகதி செவ்வாய்க்கிழமை, காலை 6.30 கல்முனை பஸ்ஸில் ஏறுகிறேன். ஐம்பது பிரதியும் என்னோடு வரும். நான் உம்முடைய வாசற்படியை மிதிக்கிறேன். நான் தடை போட்டது என் வாசற்படிக்கு மட்டும்தானே. 24ஆம் திகதி கிளினிக்குக்கு மூன்று பேருமாகப் போவோம். வைத்தியர் பந்தைக் கொடுத்தால் நான் வாங்கி வைத்துக்கொள்கிறேன். சபூறா கருவியைக் கையில் எடுத்துக்கொண்டு வரட்டும், அங்கே வைத்தே காட்டலாம்.

ஒன்று மட்டும். நான் வரும்வரை அந்தக் கடிகாரத்தில் கை வைக்காதேயும். நீர் ஒரு தரம் செய்துவிட்டீர், தெரியும். ஆனால் ஒவ்வொரு நாள் காலையிலும் அதைப் பார்க்க உமக்குக் கை துடிக்கும் என்றும் எனக்குத் தெரியும்.

இன்றைக்கு மாட்டுக்குத் தண்ணீர் வைத்தாயிற்றா?

செல்லத்தம்பி